மரத்துக்கு மாரடிப்போர்

காஞ்சியில், நெசவாளர் தெரு ஒன்றில், வாரந்தோறும் நாம் கூடிப் படிக்கும் சிறு கூடத்தில், சென்ற திங்கள் ஓர் ஒலிப்பதிவை வைத்துக் கேட்டோம். பாட்டன்று, பேச்சன்று. பழுதாகிப் பயனற்றுப்போன பியானோ ஒன்றைப் பிரித்து உடைக்கும்போது எழுந்த ஓசை! சம்மட்டி விழுகிறது, மரம் முனகுகிறது, இறுகிக் கிடந்த தந்தி அறுந்து அலறுகிறது. அந்த அலறல் அடங்குமுன் அடுத்த அடி. கேட்டிருந்த இளைஞர்கள் வாயடைத்துப் போயினர்.

வாயிலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். "பாவம், பாவம்! வாத்தியம் என்றால் சரசுவதி ஆயிற்றே! உடைத்தது ஒரு பாவம், அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்துக் கேட்பது அதைவிடப் பாவம். வாத்தியாரே, பிள்ளைகளுக்கு இதையா கற்றுத் தருகிறீர்?" என்றார்.

பெரியவர் நல்லவர். நம்மிடம் அன்புடையவர். அவர் கேட்ட கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. அவர் வாயிலிருந்து வந்தாலும், அது அவருடைய கேள்வி மட்டுமன்று, நாட்டின் கேள்வி.

பியானோ என்பது என்ன? மரமும் இரும்பும் எஃகுத் தந்தியும். 88 கட்டைகள், ஏறத்தாழ 230 தந்திகள். அத்தனை தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18 டன், 20 டன் என்று கணக்கிடுகிறார்கள். அந்த இழுப்பைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம்; தந்தி முளைகளை இறுகப் பற்றியிருப்பது ஒரு மரப்பலகை. பலகை வெடித்தால் முளை நிற்காது. முளை நிற்காவிட்டால் சுருதி நிற்காது. வியர்த்துக் கொட்டும் நம் நாட்டுக் காற்றில் பசை விடும், கரையான் ஏறும். மந்திரம் சொல்லி மீட்க முடியுமா? திருநீறு பூசிச் சுருதி கூட்ட முடியுமா? இறந்துபோன கருவியை உடைக்கும்போது, அதனுள் அடைபட்டுக் கிடந்த இழுவிசை ஓசையாக வெளிப்படுகிறது. இயற்பியல் படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எது?

நியூசிலாந்தில் 1939ஆம் ஆண்டு பிறந்த ஆனேயா லாக்வுட் என்ற இசை அம்மையார், 1968ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பழைய பியானோ ஒன்றுக்கு எரியூட்டினார். நெருப்பின் ஓசையைப் பதிவு செய்வதே நோக்கம். ஒலிவாங்கிகளைக் கல்நார் சுற்றிக் கருவிக்குள் வைத்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: செப்பனிட முடியாத பியானோவாக இருத்தல் வேண்டும். உயிருள்ளதை அழிக்க அவர் சொல்லவில்லை. செத்ததன் கடைசி ஒலியைக் கேட்கச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் ராஸ் பொல்லட்டர் என்ற இசைவாணர், வெயிலிலும் மழையிலும் கிடந்து சிதைந்த பியானோக்களைத் தேடித் தேடிச் சென்று, அவற்றை வாசித்துப் பதிவே செய்திருக்கிறார். பைத்தியக்காரத்தனம் என்பர் சிலர். இருக்கட்டும். அந்தப் பைத்தியத்துக்கு ஒரு கண்ணியம் இருக்கிறது. பொருள் போகும்போது, போகிறதே என்று காது கொடுத்துக் கேட்கிறது.

நம்மவர் செய்வது என்ன? வீணையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவர். ஆண்டில் ஒருநாள் சந்தனம், குங்குமம், சுண்டல். மறுநாள் முதல் ஒட்டடை. தந்தி துருவேறிற்றா, குடம் விரிந்ததா, வாசிக்க வீட்டில் ஒரு விரலாவது உண்டா என்று கேட்பார் இல்லை. இது பக்தியாம்! உடைந்த கருவியின் ஓசையைக் கேட்டால் பாவமாம்!

மரத்துக்காக இப்படி மாரடிப்போர் மனிதனுக்காக என்ன செய்தார்கள் என்று நாம் கேட்கிறோம். வேறூர்க் கதை வேண்டாம். நம் ஊர்க் கதையே போதும்.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். தாளக் கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை என்று பெயரெடுத்தவர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அத்தனைக்கும் நடுவே தாளம் தவறாது பாடியவர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற மாணவரை உருவாக்கியவர். அவர் குரல் எப்படி இருந்தது? சொல்ல இன்று ஒரு நாதியில்லை. இசைத்தட்டு வீடுதோறும் சுழன்ற காலத்தில் வாழ்ந்தும், இசைத்தட்டுக்குப் பாட அவர் இசையவில்லை. அவர் மறுத்த காரணம் எதுவாயினும் ஆகுக. ஆனால், இயந்திரத்தின் முன் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் அந்நாளில் பாடகர் பலரைப் பிடித்து ஆட்டியது என்பது மறைக்க முடியாத உண்மை. அந்த மூடத்தனம் விழுங்கிய குரல்கள் எத்தனையோ!

அதே வீட்டில், அவருடைய தாயோடு உடன்பிறந்த தனகோடி அம்மாள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இசைத்தட்டுக்குப் பாடிய பெண்களுள் ஒருவர். தாசி என்று சமூகம் இழிவு பேசிய குலத்துப் பெண்கள், குழாயின் முன் நின்று துணிந்து பாடினர். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்குள் ஓர் இராகத்தையே அடக்கினர். பெரிய மனிதர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தனர்! குரல் போய்விடும் என்று அஞ்சியவர் குரல் போயிற்று; அஞ்சாதவர் குரல் தட்டில் ஏறிற்று.

போனது போகட்டும். இன்று நம் கண்ணெதிரே, காதெதிரே போய்க்கொண்டிருக்கும் ஓசை ஒன்று உண்டு. அது தறியின் ஓசை.

பிள்ளையார்பாளையத்தில் நடந்து பாருங்கள். முன்பு வீட்டுக்கு வீடு கேட்ட ஓசை, இப்போது தெருவுக்கு ஒன்றிரண்டு. குழியில் கால் மிதிக்கும் ஓசை, நாடா பாயும் ஓசை, ஊடையை அடித்து நெருக்கும் ஓசை. தறி பழுதானால் பிரிக்கிறார்கள். மரம் விறகுக்கு, இரும்பு எடைக்கு. பியானோ உடைந்ததற்குக் காது பொத்தியவர்கள், தறி உடையும்போது எங்கே இருந்தார்கள்? தறியும் கருவிதானே? ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்தீர்களே, அந்தப் பொட்டு ஒரு தறியையாவது காப்பாற்றிற்றா? 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் கீழ் என்றது. பட்டு உடுத்துவது தெய்வம். பட்டினி கிடப்பது பட்டு நெய்தவன்.

தறி ஓசையைப் பதிவு செய்ய நகரத்திலிருந்து வருவோரும் உண்டு. உயர்ந்த கருவிகளோடு வருகிறார்கள், கண்மூடிக் கேட்கிறார்கள், "ஆகா, சங்கீதம்!" என்று உருகுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஓசையை மட்டும் அள்ளிக்கொண்டு ஆளை விட்டுவிட்டுப் போகும் இவர்களுக்கும், பொட்டு வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது? நீண்ட காலம் அது சிறுவனுடையது, சிறுமியுடையது. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் நாடா தள்ளிய பிஞ்சுக் கை. நீங்கள் சங்கீதம் என்று உருகிய ஓசையில், பள்ளிக்கு வராத பிள்ளை ஒன்று இருந்தது. நாம் ஆசிரியர்கள், வருகைப் பதிவேட்டில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்களின் வழிவந்தவர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தார்களே, அந்த வாயில் வழியே எந்தத் தெருப் பிள்ளை நுழையும் என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே, பதிவு செய்யவேண்டும் என்கிறோம். முழுதும் செய்யவேண்டும் என்கிறோம். தறி ஓசையோடு தறிகாரரின் பேச்சும், கூலிக் கணக்கும், கடன் கணக்கும், எந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதும் பதிவில் ஏறவேண்டும். அது இல்லாத பதிவு வெறும் பிணச் சிங்காரம். கருவிக்கு நமக்குப் பஞ்சமில்லை. இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. திரைப்பாட்டைக் கேட்க மட்டுமா அது?

இத்தனையும் அந்தப் பெரியவரிடம் சொன்னோம். இவ்வளவு சூடாகச் சொல்லவில்லை. சற்றுத் தணிந்தே சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு வயசிலே உட்கார வைத்தார்கள், தம்பி. இடப்பக்கம். எங்கப்பாவுக்கு" என்றார்.

அவர் வீட்டு நடையில் அவருடைய தறி இன்னும் நிற்கிறது. பாவு ஏறி ஆறு ஆண்டுகள் ஆயினவாம். வரும் ஞாயிறு பிரித்துக் கொடுக்க விலை பேசிவிட்டாராம். நாம் வரலாமா என்று கேட்டோம்.

"வாருங்கள். வெறும் தறியைத்தான் ஆட்டிக் காட்ட முடியும். வண்டிக்காரன் எட்டு மணிக்கு வந்துவிடுவான், அதற்குமுன் வந்துவிடுங்கள்" என்றார்.

ஆறு மணிக்கே போகிறோம்.