அட்டையில் 135 வாட்ஸ்... ஹாலில் எவ்வளவு? பட்ஜெட் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியவர்கள் சொல்வது என்ன?

சேலம், நாமக்கல் பக்கத்து மக்களுக்கு சினிமாவும் சத்தமும் புதிதல்ல. 1930-களிலேயே டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, படம் படமாக எடுத்துத் தள்ளிய ஊர் சேலம். ஆடி பிறந்தால் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவுக்குத் தெரு மைக் செட் கட்டுவார்கள். நாமக்கல்லில் பாடி கட்டி வெளியே வரும் லாரியின் கேபினில்கூடப் பாட்டுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

அந்த ஆசை இப்போது வீட்டு ஹாலுக்குள் வந்துவிட்டது. 55 இன்ச் டி.வி வாங்கி மாட்டிய முதல் வாரமே ஒரு குறை தெரியும். படம் தியேட்டர் மாதிரி இருக்கிறது. சத்தம் மட்டும் தகரடப்பாவில் இருந்து வருவதுபோல இருக்கிறது. டி.வி மெலிய மெலிய, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் சிறுத்துவிட்டதுதான் காரணம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. டி.வி-க்குக் கீழே வைக்கும் சவுண்ட்பார், உள்ளூர் மெக்கானிக் செய்து தரும் அசெம்பிள் 5.1 செட், பிராண்டட் ஏ.வி ரிசீவர். மூன்றாவதுதான் செலவு அதிகம். ஆரம்பநிலை ரிசீவருக்கே 25,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகும். ஸ்பீக்கர்களுக்குத் தனிக்காசு. பல வீடுகளில் இது தீபாவளி போனஸ் முழுவதையும் விழுங்கும் தொகை. அதனால், இந்த வரிசையில் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் பொதுவாக எதைப் பாராட்டுகிறார்கள், எதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஒரே பெட்டி, மூன்று வாட்ஸ்

2018-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ்-வி385, அதே ஆண்டு வந்த சோனி எஸ்டிஆர்-டிஹெச்590 இரண்டும் இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்ட மாடல்கள். இரண்டிலும் டி.வி-க்கு ஒன்று, செட்-டாப் பாக்ஸ் போன்றவற்றுக்கு நான்கு என ஹெச்டிஎம்ஐ இணைப்புகள் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களை ஓட்டும். ப்ளூடூத் உண்டு. மாடலின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், ஆரம்பநிலை ரிசீவர்களின் குணம் ஏறக்குறைய இதுதான்.

குழப்பம் வாட்ஸில்தான் தொடங்கும். யமஹா வி385-க்கு 135, 100, 70 என மூன்று எண்கள் உண்டு. மூன்றுமே உண்மை, அளந்த விதம்தான் வேறு. ஒரே ஒரு சேனலை ஓட்டி, ஒலி 10 சதவிகிதம் சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் 135. அதே ஒரு சேனல், 0.9 சதவிகித சிதைவு என்றால் 100. இரண்டு சேனல்களை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு ஒலியையும் கொடுத்து, 0.09 சதவிகித சிதைவுக்குள் அளந்தால் 70. சோனியிலும் இதே கதைதான். விளம்பரத்தில் 145 வாட்ஸ், கடுமையாக அளந்தால் 90.

கடையில் இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

அப்படியானால் 70 வாட்ஸ் போதுமா? 70 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் கேட்கும் வித்தியாசம் வெறும் ஒன்றரை டெசிபல். பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சத்தம் இரு மடங்கு ஆனதுபோலக் காதுக்குத் தோன்ற, பவர் சுமார் பத்து மடங்கு ஏற வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் படம் பார்ப்பவர்கள் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

எல்லோரும் பாராட்டும் ஒரு விஷயம்

வாங்கியவர்களிடம் 'எது பிடித்தது' என்று கேட்டால், குண்டு வெடிப்பதும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதும் முதல் வாரத்துப் பேச்சு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் மாறிவிடும். 'வசனம் தெளிவாகக் கேட்கிறது' என்பார்கள்.

இது சின்ன விஷயமில்லை. டி.வி ஸ்பீக்கரில் படம் பார்க்கும் வீடுகளில் ரிமோட் சண்டை எப்படி நடக்கும் என்று தெரியும். மெதுவாகப் பேசும் காட்சியில் பெரியவர்களுக்கு ஒன்றும் கேட்காது, வால்யூமை ஏற்றுவார்கள். அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து வீடே அதிரும். உள்ளறையில் படிக்கும் பிள்ளை கத்தும். கொஞ்ச நாளில் தாத்தாவோ பாட்டியோ படம் பார்க்க வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்குத் தனியாக வருகிறது. ரிசீவரில் அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் ஏற்றிவைக்கலாம். பின்னணி இசை ஏறாது, வசனம் மட்டும் ஏறும். இரவில் பார்க்க 'நைட் மோட்' அல்லது 'டிஆர்சி' என்று ஒரு வசதி இருக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வராமல் காப்பதும் இதுதான்.

மைக் வைக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள்

இந்த இரு மாடல்களோடும் ஒரு சின்ன மைக் வரும். யமஹாவில் இதன் பெயர் 'ஒய்பிஏஓ', சோனியில் 'டிசிஏசி'. உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் மைக்கை வைத்து பட்டனை அழுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'உஸ்ஸ்', 'டொப்' என்று சத்தம் எழுப்பி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று ரிசீவரே முடிவு செய்யும்.

'செய்தேன், நன்றாக இல்லை' என்பவர்கள் பலர் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, ஃபேன் ஓடும்போதே சோதிப்பது. சேலம் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் ஃபேன், ஏ.சி, மிக்ஸி எல்லாம் ஓய்வெடுக்கட்டும். இரண்டு, மைக்கை சோபாவின் மேல் படுக்கவைப்பது. அது காது உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு ஸ்டூலின் மேல் டப்பாவை அடுக்கி உயரம் கொடுத்தால் போதும்.

பில் போட்ட பிறகு தெரியும் குறைகள்

முதல் அதிர்ச்சி சப்-ஊஃபர். ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ரிசீவரே பவர் கொடுக்கும், சப்-ஊஃபருக்குக் கொடுக்காது. சிக்னல் மட்டும்தான் வரும். அதனால் உள்ளேயே ஆம்ப் உள்ள 'ஆக்டிவ்' சப்-ஊஃபர்தான் வாங்க வேண்டும். பழைய செட்டில் இருந்த வெறும் ஊஃபர் பாக்ஸை மாட்டலாம் என்று நினைத்தவர்களுக்கு இங்கே கூடுதல் செலவு.

இரண்டாவது, பழைய ஸ்பீக்கர்கள். அசெம்பிள் செட்டுகளில் 4 ஓம் ஸ்பீக்கர்கள் சாதாரணம். ஆரம்பநிலை ரிசீவர்கள் பல 6 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கர்களுக்காகச் செய்யப்பட்டவை. 4 ஓமை மாட்டி வால்யூமை ஏற்றினால் ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடும். பெட்டியின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, சூடு. ரிசீவரை ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் அடைத்து, மேலே செட்-டாப் பாக்ஸையும் ஏற்றிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். மேல்பக்கத் துளைகள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். மேலேயும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

நான்காவது, இந்த இரு மாடல்களிலும் வைஃபை கிடையாது. மேலிருந்து ஒலி வரும் டால்பி அட்மாஸும் கிடையாது. அட்மாஸ் வேண்டுமென்றால் சோனி எஸ்டிஆர்-டிஹெச்790 போன்ற ஏழு சேனல் மாடலுக்குப் போக வேண்டும். கூடவே இரண்டு ஸ்பீக்கர் கூடுதல். கூரையில் ஸ்பீக்கர் மாட்ட இடமும் மனமும் இல்லாத வீட்டுக்கு நல்ல 5.1 போதும்.

ஐந்தாவது, டி.வி-யில் சத்தம் வராத சிக்கல். ஓ.டி.டி ஆப் டி.வி-க்குள்ளேயே ஓடும்போது, ஒலி ரிசீவருக்கு வர வேண்டும் என்றால், டி.வி-யில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். செட்டிங்கில் 'சிஇசி'யையும் ஆன் செய்ய வேண்டும். சர்வீஸ்காரரை அழைக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் விசிட் சார்ஜ் மிச்சம்.

அசெம்பிள் செட்டா, பிராண்டா?

இந்தக் கேள்விக்கு ஊரைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். அசெம்பிள் செட்டின் பெரிய பலம் ரிப்பேர். ஐ.சி போனாலும் டிரான்ஸ்ஃபார்மர் போனாலும் செய்து கொடுத்த மெக்கானிக்கே அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுவார். பாட்டு மட்டும் சத்தமாகக் கேட்க வேண்டும், விசேஷத்துக்கு வாசலில் வைக்க வேண்டும் என்றால் அதுவே போதும். ஆனால் பல அசெம்பிள் செட்டுகளில் 5.1 என்பது, ஸ்டீரியோ ஒலியையே ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பதுதான். படத்தில் உள்ள உண்மையான 5.1 ஒலியைப் பிரித்தெடுக்கும் டிகோடர் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிராண்டட் ரிசீவரில் ஒலி சுத்தம். ஆனால் போர்டு போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருப்பவர்கள் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. சர்வீஸ் எந்த ஊரில், பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போவது, வாரன்ட்டி எத்தனை ஆண்டு என்பதுதான். கிணற்று மோட்டார்கள் ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஒரு ஸ்டெபிலைசருக்கும் காசு ஒதுக்குங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ 'அங்கே விலை குறைவு' என்று வாங்கி வந்தால், அந்தப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்க்காமல் பிளக்கைத் தொடவே கூடாது.

ஹால்தான் ஆறாவது ஸ்பீக்கர்

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். நம் ஹால்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒலி எங்கும் அடங்காமல் எதிரொலிக்கும். கூடுதலாகப் பத்தாயிரம் போட்டு அடுத்த மாடல் வாங்குவதைவிட, கனமான ஜன்னல் திரை, தரையில் ஒரு ஜமுக்காளம், துணி போர்த்திய சோபா ஆகியவை அதிக மாற்றம் தரும்.

சென்டர் ஸ்பீக்கர் டி.வி-க்கு நேர் கீழே, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தபடி இருக்கட்டும். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், காதுக்குச் சற்று மேலே. பரண் மூலையில் ஏற்றிவைத்தால் பலன் பாதிதான். ஒயரின் பிளஸ், மைனஸ் மாறினால் ஊஃபர் நன்றாக இருந்தும் பாஸ் மெலிந்து கேட்கும். பழைய பாடல்களுக்கு ஐந்து ஸ்பீக்கரையும் அலறவிடாமல், 'டைரக்ட்' அல்லது ஸ்டீரியோ மோடில் கேட்டால் பாட்டு பாட்டாக இருக்கும்.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது, ரிசீவருக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஸ்பீக்கருக்கு மிச்சசொச்சம் என்று வைக்காதீர்கள். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கும் சப்-ஊஃபருக்கும் போகட்டும். இப்போதைக்கு முடியாவிட்டால் முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று என மூன்று நல்ல ஸ்பீக்கர்களோடு தொடங்குங்கள். மற்றவற்றை அடுத்த போனஸில் சேர்க்கலாம். ரிசீவர் அதற்கு இடம் கொடுக்கும். இதுதான் சவுண்ட்பாரில் கிடைக்காத வசதி.

கடைக்குப் போகும்போது, வீட்டில் காது கொஞ்சம் மந்தமான பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுவார் கடைக்காரர். நீங்கள் பேச்சு அதிகமுள்ள காட்சியைப் போடச் சொல்லுங்கள், அதுவும் குறைந்த வால்யூமில். அவருக்குக் கேட்கிறது என்றால் பில் போடச் சொல்லலாம்.