600 டொலரும் ஒரு குதிரைக் கலப்பும்

உத்தியோகம் ஒன்றே வாழ்வுக்கு வழி என்னும் எண்ணம் மட்டக்களப்பிலும் மெல்ல மாறி வருகின்றது. படித்த இளைஞர் சிலர் மதகு, வாய்க்கால், பாடசாலைக் கட்டடம் முதலிய சிறு வேலைகளைக் கொந்தராத்தாக ஏற்கத் துணிந்துள்ளனர். துணிவை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் தாயின் நகையை அடகு வைத்து மண்வெட்டும் இயந்திரம் வாங்குமுன் அவர்கள் ஒரு வரலாற்றைக் கேட்டல் நன்று.

பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் எழுந்த அணையை நம்மவர் அறிவர். கல்லோயாக் குடியேற்றம் நம் மக்கள் மனத்தில் விட்டுச் சென்ற தாங்கல் தனியே பேசவேண்டியது. இங்கு நாம் நோக்குவது அணையைக் கட்டியவர்களை. 1949இல் தொடங்கிய அவ்வேலையை ஏற்றது மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். 1912இல் ஐடாஹோ மாநிலத்துப் பொய்சி நகரில் அது தோன்றியபோது அதன் மூலதனம் 600 டொலர். உடைமையோ சில தள்ளுவண்டிகளும் குதிரை இழுக்கும் மண்வாரிகளுமே. டென்மார்க்கிலிருந்து குடியேறிய நூட்சனுக்கு வயது 50, மொறிசனுக்கு 27. முதியவர் குதிரையையும் மண்ணையும் அறிந்தவர், இளையவர் அரசாங்க நீர்ப்பாசனப் பகுதியில் தொழில் பழகியவர். 14,000 டொலர் பெறுமதியான முதல் வேலையில் அவர்களுக்குக் கிடைத்தது நட்டமே!

அந்த நட்டம் கணக்கைக் கற்பித்தது போலும். 1931இல் ஹூவர் அணையைக் கட்டுதற்கென அமைந்த கூட்டு நிறுவனத்தில் அவர்களும் பங்காளராயினர். அக்கூட்டு கேட்ட விலை ஏறத்தாழ 4 கோடி 89 இலட்சம் டொலர். அரசாங்கப் பொறியியலாளரின் மதிப்பீட்டிலிருந்து அது விலகியது சுமார் 24,000 டொலரே. அதாவது, 2,000 ரூபாய்க்கு ஒரு ரூபாயளவு வேறுபாடு. அதே நிறுவனம் 1990களில், தனக்குப் பழக்கமில்லாத புகையிரதப் பெட்டி வேலைகளைக் கட்டுப்படியாகாத விலைக்கு ஏற்றது. 1996இல் வங்குரோத்தாகிப் பிறர் கைக்குச் சென்றது.

நமது வாவிக்கரையில் இக்கணக்கு நாட்காட்டியிலிருந்து தொடங்கவேண்டும். கார்த்திகை முதல் தை வரை மழை. வெள்ளம் ஏறினால் படுவான்கரையின் தாழ்ந்த வீதிகளில் மணல் லொறி போகாது. தோண்டிய அத்திவாரத்தில் நீர் இறைக்கவே கூலி கரையும். ஐப்பசியில் பெரும்போக விதைப்பு, மாசி பங்குனியில் அறுவடை. அக்காலத்தில் கூலியாட்கள் வயலை நோக்கிச் செல்வர். அவர்களைக் குறை கூறுவது எங்ஙனம்? வேலை எத்தனை நாள் என்று மட்டும் எண்ணி, அந்நாட்கள் எந்த மாதத்தில் விழும் என்று எண்ணாதவர் தந்த விலை, விலையாகாது.

அடுத்தது பணம். செய்த வேலையை அளந்த பின்னரே கொடுப்பனவு வரும். அளந்த பின்னும் வாரங்கள் செல்லும். மேசனாருக்கோ சனிக்கிழமை மாலையே சம்பளம் வேண்டும். போட்டியில் விலையைக் குறைத்துக் குறைத்து, 10 இலட்சம் ரூபாய் வேலையில் 50,000 ரூபாய் இலாபம் என ஒருவர் கண்டார் என்க. பழுது தோன்றினால் திருத்துதற்கென 5 வீதம் பிடித்து வைக்கப்படுமாயின், அவர் இலாபம் முழுவதும் மாதக்கணக்கில் காரியாலயத்திலேயே உறங்கும். இதற்கிடையில், மழையில் அசையாது நிற்கும் இயந்திரத்துக்கும் தவணைப் பணம் கட்டியாக வேண்டும். தொடக்கத்தில் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே தக்கது என்பது நம் கருத்து. சொந்த இயந்திரம் வீட்டு முற்றத்தில் நிற்பதில் ஒரு பெருமை உண்டுதான். அதற்கு வட்டியும் உண்டு.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் சிறு வாய்க்கால், வீதி வேலைகளை ஏற்று நடத்துவதுண்டு. எத்தனை மூடை சீமெந்து வந்தது, எத்தனை ஆள் எத்தனை நாள் நின்றனர், மதிப்பீட்டில் எழுதியது எவ்வளவு, உண்மையில் சென்றது எவ்வளவு என்று அங்கே ஒரு கொப்பியில் எழுதி வரலாம். கணக்கெழுத வரும் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் சங்கத் தலைவரை நாம் இன்னும் கண்டதில்லை.