மாமியாரின் பனையோலை விசிறி

போன கோடையில் கரண்ட் பில்லைப் பார்த்து இவர் "இவ்வளவா?" என்று அலறினார். அது என் மாமியார் காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரியிலிருந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் பனையோலை விசிறியோடு படுக்க ஆரம்பித்துவிட்டார். எழுபத்தாறு வயசில்! கழுத்தெல்லாம் வேர்க்குரு. எனக்கு மனசு கேட்கவில்லை.

பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்தேன். 1,000 வாட்ஸ் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் மிக்ஸி 750 வாட்ஸ். தினம் பத்து நிமிஷம் ஓடினால் மாதத்துக்கு 4 யூனிட்கூட ஆகாது. பழைய ஃபேனோ 75 வாட்ஸ்தான். ஆனால் 16 மணி நேரம் முழு வேகத்தில் சுற்றுகிறதே! மாதம் 36 யூனிட்!

ஆகவே சகோதரிகளே, எது அதிக நேரம் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். சீட்டுப் பணத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் முழு வேகத்தில் சுமார் 30 வாட்ஸ்தான். மாதம் 15 யூனிட்டுக்குள் அடங்குகிறது.

ஃப்ரிஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அந்த அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரமும் புதியதும் ஒன்றல்ல. லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ராத்திரி பூரா ஓடினாலும் கால் யூனிட்தான் அத்தை" என்று கணக்கைக் காட்டினேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். விசிறி பரணுக்குப் போய்விட்டது.