வானத்துக் காவலும் மக்களின் பணமும்

தன் வான்வெளியைக் காப்பது சிறிய நாட்டுக்கும் கடமையே; நாம் அதனை மறுக்கவில்லை. அக்காவலின் விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பதே கேள்வி.

சுவிட்சர்லாந்து மக்கள் 2014ஆம் ஆண்டில் 22 கிரிப்பென் விமானங்கள் வேண்டாமென வாக்களித்தனர். 2020இல் 600 கோடிப் பிராங்குக்கு மேற்படாமல் போர் விமானங்கள் வாங்க, வாக்களித்தோருள் 50.1 சதவீதத்தினரே இசைந்தனர். 2022இல் 36 எப்-35 விமானங்களுக்கு ஒப்பந்தமாயிற்று. விலை மாறாது என அரசு உறுதி கூறிற்று. 2025இலோ அமெரிக்கா அதனை மறுத்து, மேலதிகப் பணம் கேட்டது.

வேலி அடைக்குமுன் கூலியைப் பேசித் தீர்ப்பான் கமக்காரன். விற்ற வல்லரசிடமே உதிரிப் பாகங்களுக்கும் கையேந்தவேண்டிய சிறுநாட்டுக்கு அவ்விழிப்பு இருமடங்கு வேண்டும். மக்கள் வகுத்த வரம்பை விற்பவன் மாற்ற இடமளிப்பின், வானத்தைக் காத்தும் சுதந்திரத்தை இழந்தவராவோம்.