பூட்டோடு விற்காதீர்கள்!

ஒரு குமாஸ்தா. மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். புது லேப்டாப் வாங்கக் கையில் வசதி இல்லை. பழையது ஒன்றைப் பார்க்கப் போகிறார்.

விற்பவர், ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் காட்டுகிறார். படம் தெரிகிறது. பாட்டு கேட்கிறது. "நல்ல சரக்கு சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்கிறார். குமாஸ்தா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

ராத்திரி அணைத்து வைக்கிறார். காலையில் மகள் போட்டுப் பார்க்கிறாள். விண்டோஸ் வரவில்லை. "ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டுவிட்டு லேப்டாப் அப்படியே நிற்கிறது!

விற்றவருக்குப் போன் போட்டால் 'சுவிட்ச் ஆப்'.

பழைய லேப்டாப் வாங்குகிற யாருக்கும் இந்தக் கதி வரலாம்.

மூன்று பூட்டு

லேப்டாப்பில் பூட்டு ஒன்று அல்ல, மூன்று இருக்கலாம்.

விண்டோஸ் கேட்கிற பாஸ்வேர்டு ஒன்று. அது போனால், விண்டோஸைப் புதிதாகப் போட்டாவது மெஷினை ஓட்டலாம்.

பயாஸ் பாஸ்வேர்டு இன்னொன்று. அது மதர்போர்டில் இருக்கிறது. வாசல் கதவுப் பூட்டு மாதிரி.

மூன்றாவதுதான் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு. இது இரும்புப் பெட்டியின் பூட்டு. லேப்டாப்பில் இல்லை, டிஸ்க்கிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் ஒழிய, டிஸ்க் ஒரு எழுத்தைக்கூட வெளியே கொடுக்காது. புதிதாக எழுதவும் விடாது. ஆகவே விண்டோஸை மறுபடி போடவும் முடியாது.

"டிஸ்க்கைக் கழற்றி வேற லேப்டாப்புல மாட்டுங்க" என்பார் ஒருவர். இரும்புப் பெட்டியைத் தூக்கிப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்தால் பூட்டு திறந்துகொள்ளுமா?

"உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியை எடுத்துட்டுப் போடுங்க" என்பார் இன்னொருவர். பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் பாஸ்வேர்டுக்குப் பலித்த வைத்தியம் அது. இந்தப் பூட்டுக்குப் பலிக்காது.

தெரிந்தால் இரண்டு நிமிஷம்

பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிஷ வேலை.

லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டுப் போட வேண்டும். போட்டவுடன் எப் 1, எப் 2, எப் 10 போன்ற ஒரு பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போக வேண்டும். எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே 'செக்யூரிட்டி' பகுதியில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு இருக்கும். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து, புதியது கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு, 'சேவ்' செய்தால் பெரும்பாலான லேப்டாப்பில் பூட்டு போய்விடும்.

தெரியாதவர் கதி வேறு.

டிஸ்க்குக்கு 'மாஸ்டர்' பாஸ்வேர்டு என்று இரண்டாவது சாவி ஒன்று உண்டு. பூட்டை 'ஹை' என்ற அளவில் போட்டிருந்தால் அந்தச் சாவி திறக்கும். 'மேக்சிமம்' என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதை முழுக்க அழிக்க மட்டுமே அது உதவும். சில புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளின் லேபிளில் 32 எழுத்து எண் ஒன்று அச்சிட்டிருக்கும். அதை வைத்தும் டிஸ்க்கை மீட்கலாம். ஆனால் உள்ளே இருந்த போட்டோ, கணக்கு எல்லாம் அம்பேல்!

சில பழைய ரக டிஸ்க்குகளைத் தனிக் கருவி வைத்திருக்கும் நிபுணர்கள் திறந்தது உண்டு. எல்லா டிஸ்க்கும் அப்படித் திறக்காது. ஆகவே, "டேட்டா போகாம திறந்து தர்றேன், முதல்ல பணத்தைக் கொடுங்க" என்பவரிடம் ஏமாறாதீர்கள். "வேலை முடியட்டும், அப்புறம் தர்றேன்" என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பது வேண்டாம் என்றால், வேறு டிஸ்க் வாங்கி மாட்டுவதே லாபம்.

பூட்டின் மேல் குற்றம் இல்லை

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் லேப்டாப்பைப் பறிகொடுத்தவரைக் கேளுங்கள்! பேங்க் கணக்கும் குடும்பப் போட்டோவும் திருடன் கையில் சிக்காமல் காப்பது இந்தப் பூட்டுதான். எவனும் சுலபமாகத் திறக்கலாம் என்றால் அது பூட்டே அல்ல.

குற்றம், பூட்டை எடுக்காமல் விற்கிறவர்கள் மேல்!

விற்பவர்களே, முதலில் உங்கள் விவரங்களை அழியுங்கள். பிறகு பாஸ்வேர்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஆபீஸ் முதலாளிகளே, வேலையை விட்டுப் போகிறவரிடம் லேப்டாப்பை மட்டும் வாங்கினால் போதாது. பாஸ்வேர்டையும் வாங்கி, அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வருஷக் கணக்கு உள்ளே; நீங்கள் வெளியே!

கடைக்காரர்களே, பழைய சரக்கு எடுக்கும்போது பில் கேளுங்கள். விற்றவர் யார் என்று எழுதி வையுங்கள். திருட்டுக் கம்ப்யூட்டர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால், 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-பி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்!

வாங்குகிறவர்களே, ஓடுகிற லேப்டாப்பைப் பார்த்து மயங்காதீர்கள். டிஸ்க்குக்குக் கரண்ட் போய்த் திரும்ப வந்தால்தான் பூட்டு விழும். 'ரீஸ்டார்ட்' போதாது. முழுக்க அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லிப் பாருங்கள். விண்டோஸ் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

பாஸ்வேர்டு போடுகிறவர் அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கட்டும். லேப்டாப் பையில் வேண்டாம்.

லேப்டாப் கை மாறும்போது சாவியும் கை மாற வேண்டும். இல்லையேல் பூட்டை எடுத்துவிட வேண்டும். இரண்டும் செய்யாமல் காசை மட்டும் வாங்குவது வியாபாரம் அல்ல, மோசடி!