பிள்ளையின் நிறத்தைப் பேசாதீர்கள்



குழந்தை வளர்ப்பு என்றால் படிப்பு, சாப்பாடு, செல்போன் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். பிள்ளைகளின் நிறத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சையும் எழுத வேண்டும்.

அண்மையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மஞ்சள் பட்டுப்பாவாடையில் ஆசையாக வந்தாள். "இவ நிறத்துக்கு மஞ்சள் எடுபடுமா? வேற கலர் எடுத்திருக்கலாமே" என்றார் பெரியம்மா முறை உள்ளவர். தாய் சிரித்து மழுப்பினார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

செல்லமாகத்தானே சொல்கிறோம் என்பார்கள். "அக்கா நல்ல சிவப்பு, இவதான் கொஞ்சம் மட்டு" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வதில் என்ன செல்லம் இருக்கிறது? கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பதிலேயே இந்த நிறப் பேச்சு தொடங்கிவிடுகிறது. குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அது பரம்பரையாக வருவது. கறுப்பு நிறம் தரும் மெலனின்தான் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கிறது. பிரபலமான முகப்பூச்சு கிரீம் ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கிவிட்டது. நம் வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை என்பது வேதனை.

பெற்றோர்களே, பெரியவர்கள் சொல்கிறார்களே என்று பேசாமல் இருக்காதீர்கள். "எங்க பொண்ணு நிறத்தைப் பத்திப் பேசாதீங்க அத்தை" என்று உங்கள் பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்