மட்காவில் போகும் சம்பளம்

ஊருக்கு அனுப்ப எடுத்துவைத்த பணம் மட்காவில் போய்விடுவது மும்பைத் தமிழர் குடும்பங்களுக்குப் பழைய துயரம். 1887-ஆம் ஆண்டின் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தாலும் அது ஒழியவில்லை. இன்று கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது.

பத்து எண்களில் ஒன்றில் கட்டி வென்றவருக்கு ரூபாய்க்கு ஒன்பது கொடுப்பது வழக்கம். பத்திலும் ஒவ்வொரு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் நஷ்டம். கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு இது தெரியாதா? தெரியும். விட்டதைப் பிடிக்கும் வெறி வந்தபின் கணக்கு எங்கே நிற்கும்!

இது சிகிச்சைக்குரிய நோய் என உலகச் சுகாதார நிறுவனமே ஏற்றுள்ளது. கடனை மட்டும் அடைத்துவிட்டு மௌனமாகும் உறவினர் அடுத்த ஆட்டத்துக்கே முதல் போடுகிறார். சம்பளம் சில மாதம் மனைவி கையில் இருக்கட்டும். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. 2022 முதல் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். நேரில் செல்வோருக்குச் சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.